சுவரில் மாட்டிய கறுப்புக் கோட்டு

காளிதாஸ் கங்காணியின் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது முருகன் படம். அதற்குப் பக்கத்தில், அதே உயரத்தில், அதே மாதிரிக் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய மகள் சுதர்சினி நிற்பாள். கறுப்புக் கோட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டி, முன்னால் நீட்டிய ஒரு கை. யாரையோ கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிற முகம். வெள்ளிக்கிழமைகளில் முருகனுக்கு வைக்கிற பூவில் ஒன்றிரண்டு அந்தப் படத்துக்கும் போகும். சுதர்சினியின் அம்மா பரிமளம் சாம்பிராணியைக்கூட இரண்டுக்கும் பொதுவாகத்தான் காட்டுவாள்.

அந்தக் கோட்டு மைசூரில் ஒரு கல்லூரி நாடகக் குழுவின் சொத்து. உள்பக்கம் கிழிந்துபோய் ஊக்கு குத்தியிருக்கும். சுதர்சினி கழற்றிக் கொடுத்த கையோடு அடுத்த நாடகத்துப் பையன் அதைப் போட்டுக்கொண்டு ரயில்வே கார்டாக நடித்தான். இதெல்லாம் படத்தில் தெரியுமா என்ன? இலங்கையில், யட்டியாந்தோட்டைக்கு மேலே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். மூன்று பேரும் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள்.

பொய்யை யாரும் திட்டம் போட்டு ஆரம்பிக்கவில்லை. 2004இல் சுதர்சினிக்கு இந்தியாவில் படிக்க உதவித்தொகை கிடைத்தது. ஆங்கில இலக்கியமும் நாடகமும். சேதி கேட்ட அன்றைக்கே அவளுடைய தாய்மாமன் ஐயாவு முற்றத்தில் நின்று, "ஏன் மச்சான், கூத்தாடவா பொம்பளப் புள்ளய கடல் தாண்டி அனுப்புறீங்க?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனான். கங்காணிக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை பெரட்டு. வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரம், மொத்தத் தோட்டமும் களத்தில் நிற்கிறது. பெரிய கிளாக்கர் மேசையிலிருந்து தலையைத் தூக்கி, "கங்காணி, மக என்னா படிக்கப் போகுது?" என்று கேட்டார். நல்ல மனிதர், சந்தோஷமாகத்தான் கேட்டார். காளிதாஸ் வாயைத் திறந்தார். ஐயாவு எதிரில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

"லோங்க ஐயா. லோயருக்கு" என்றார்.

அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மகளிடம் சொல்லும்போது மனிதர் செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். சுதர்சினி சிரித்துவிட்டாள். "விடுங்கப்பா, நாலு வருசத்துல யாருக்கு ஞாபகம் இருக்கப் போகுது?" என்றாள். அப்பாவுக்காக விட்டுக்கொடுத்தாள் என்று சொன்னால் பாதி உண்மை. மற்றப் பாதி என்னவென்றால், மறுநாள் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனபோது பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

மைசூருக்குப் போன புதிதில் படாத பாடு பட்டாள். கூடப் படித்த பிள்ளைகள் சிறு வயதிலிருந்தே ஆங்கிலத்தில் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். இவள் ஆங்கிலத்தைப் பள்ளிக்கூட நூலகத்தில், கடைசிப் பக்கங்கள் கிழிந்த புத்தகங்களில் பிடித்தவள். விடியற்காலையில் மைதானத்தில் நிறுத்திக் குரல் பழக்குவார்கள். அடி வயிற்றிலிருந்து குரல் வர வேண்டும், கடைசி வரிசையில் இருக்கிறவனுக்கும் காதில் விழ வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள் ஒட்டிய லயத்தில் அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று பதினெட்டு வருஷம் மெதுவாகப் பேசிப் பழகிய பெண்ணுக்கு அந்தக் குரலை வெளியே எடுக்கவே ஓர் ஆண்டு பிடித்தது. எடுத்த பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. நடக்க, விழ, அழ, வெறுமனே நிற்க எல்லாம் வந்தது. உண்மையிலேயே நல்ல நடிகை. அதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் ஊரில் யாருக்கும் அதைச் சொல்ல முடியாமல் போய்விட்டது.

விடுதியில் ஒருத்தி கேட்டாள்: "சிலோன்ல உங்களுக்கு எங்கே?"

"கேகாலை மாவட்டம். ரப்பர் எஸ்டேட்."

"அடேயப்பா, எஸ்டேட்டா! எத்தனை ஏக்கர்?"

சுதர்சினி ஏக்கரைச் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள், தோட்டத்து ஏக்கர் அவளுக்குத் தெரியாதா? அந்த எஸ்டேட் தன் அப்பாவுடையது அல்ல, அப்பா அதில் சம்பளத்துக்கு நிற்கிறவர் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதன் பிறகு நாலு வருஷமும் விடுதியில் அவள் எஸ்டேட்காரர் மகள். அங்கே அப்பா துரை, இங்கே மகள் லோயர். வெட்கக்கேடு!

மூன்றாம் வருஷம் ஒரு நீதிமன்ற நாடகத்தில் அவள் வழக்கறிஞராக நடித்தாள். அதே மாதம் இன்னொரு நாடகத்தில், நடுத்தெருவில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு அலைகிற பிச்சைக்காரியாகவும் நடித்தாள். ஆசிரியர்கள் எழுந்து நின்று கை தட்டியது பிச்சைக்காரிக்குத்தான். இரண்டுக்கும் படம் எடுத்தார்கள். வீட்டுக்கு ஒன்று அனுப்பலாமென்று இரண்டையும் கட்டிலில் வைத்துப் பார்த்தாள். எதை அனுப்பினாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, சுவரில் தொங்குகிறதே. அப்பா கேட்டு அனுப்பவில்லை. அவளே எடுத்தாள்.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வாசலில் ஆள் நிற்கும். "லோயரம்மா, எனக்கு சேமலாபக் காசு இன்னும் வரல்ல." "லோயரம்மா, காணி உறுதி இல்லாம வீடு கட்டலாமா?" சுதர்சினி கேட்டுக்கொண்டு, "பாக்கலாங்க, விசாரிச்சிச் சொல்றேன்" என்பாள். மைதானத்தில் பழகிய குரல். கேட்கிறவர்களுக்குப் பாதிப் பிரச்சினை அந்தக் குரலிலேயே தீர்ந்த மாதிரி இருக்கும்.

2007இல் இப்படித்தான் விடுமுறைக்கு வந்தாள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, அவிசாவளையில் பஸ் மாறி, பையைத் தூக்கிக்கொண்டு லயத்து வாசலுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வாசலில் மூக்காயி உட்கார்ந்திருந்தாள். மூக்காயி ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். கை விரலெல்லாம் பால் கறை. புருஷன் இல்லை, தினேஷ் ஒரே மகன். சுதர்சினியைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வந்திட்டியா தாயி. இனி எனக்குப் பயமில்ல."

நடந்தது இதுதான். தினேஷுக்குப் பத்தொன்பது வயது. தோட்டத்தில் பேர் பதிந்து கொஞ்ச நாள் வேலை செய்துவிட்டு, பிடிக்கவில்லையென்று வரக்காப்பொலையில் கபூர் முதலாளியின் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விட்டான். பிறப்புப் பத்திரத்தில் பெயர் பிழை, அதனால் அடையாள அட்டை இன்னும் வரவில்லை. முந்தாநாள் கண்டி ரோட்டில் பொலிஸ் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறது. தமிழ்ப் பையன், அட்டை இல்லை, ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் இப்படி மாட்டிக்கொண்ட தோட்டத்துப் பிள்ளைகள் நிறைய. அதற்கு ஒரு வழியும் இருந்தது. தோட்டத்தை நடத்துகிற துரையோ, துரை சொல்லிப் பெரிய கிளாக்கரோ, தாமதிக்காமல் பொலிஸ் நிலையத்துக்குப் போய், 'இது எங்கள் தோட்டத்துப் பையன், இன்னாருடைய மகன், நாங்கள் பொறுப்பு' என்று சொல்லிக் கையெழுத்து வைத்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அட்டை இல்லாத பிள்ளைக்குத் துரையின் வார்த்தைதான் அட்டை. பெரிய கிளாக்கர் தானாகவே மூக்காயியைக் கூப்பிட்டு, "துரைகிட்ட பேசவா?" என்று கேட்டிருக்கிறார். மூக்காயிக்குத் தயக்கம். பேர் பதிந்துவிட்டு ஓடிப்போன பையன் என்று துரைக்கு தினேஷ் மேல் ஏற்கெனவே கோபம். பங்களா வாசலில் நின்று ஏச்சு வாங்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் காளிதாஸ் கங்காணி வாயை விட்டார்.

"தொர எதுக்கு? நாளைக்கழிச்சி எம் மக வருது. லோ தெரிஞ்ச புள்ள. அது பாத்துக்கும்."

மூக்காயியும் அந்த வார்த்தையை நம்பி, "வேணாங்க ஐயா, எங்க லோயரம்மா வருது" என்று கிளாக்கரிடம் சொல்லிவிட்டு, இரண்டு நாளாக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சுதர்சினி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. பங்களாவில் விளக்கு எரிவது லயத்திலிருந்தே தெரிந்தது. துரை இருக்கிறார். இப்போதே போனால் அவர் டெலிபோனை எடுப்பார், ஏசினாலும் எடுப்பார். 'மூக்காயி அக்கா, நான் லோயர் இல்ல.' ஐந்தே வார்த்தை. அதை நினைத்தபோதே அவளுக்குக் காது சுட்டது. அதற்குள் சுற்றி ஆள் கூடிவிட்டார்கள். ஐயாவு மாமாவும் நின்றான்.

"முகம் கழுவிட்டு வர்றேன்" என்று பின்பக்கம் போனாள். காளிதாஸ் பின்னாலேயே வந்தார்.

"அப்பா, நான் சொல்லிடப் போறேன். தொரகிட்ட இப்பவே போகச் சொல்லுங்க."

"சொல்லு புள்ள, சொல்லத்தான் வேணும்" என்றார் காளிதாஸ். "ஆனா இன்னைக்கி வேணாம். அம்புட்டுச் சனமும் நிக்கிது. ஐயாவு நிக்கிறான். காலையில நீ பொலிசுக்குப் போயிட்டு வா. நீ இங்கிலீசு பேசுற புள்ள, கேட்டா விடுவான். விடாட்டி நானே தொர கால்ல விழுந்து, எல்லாருக்கும் சொல்லிடுறேன். இந்த ஒரு ராத்திரி, புள்ள."

பொல்லாத மனிதர் அல்ல. அவமானத்துக்குப் பயந்த மனிதர். தன்னைச் சின்ன வயதில் தோளில் வைத்து ஆற்றைக் கடந்த அப்பா இப்படிக் கெஞ்சுவதைச் சுதர்சினியால் பார்க்க முடியவில்லை. அவளுக்கும் அந்த ஒரு ராத்திரி வேண்டியிருந்தது. முன்பக்கம் வந்து, "காலையில போவோம் மூக்காயி அக்கா. நான் பேசுறேன்" என்றாள். அடி வயிற்றிலிருந்து வந்த குரல். கூட்டம் நிம்மதியாகக் கலைந்தது.

காலையில் பரிமளம் வெள்ளைச் சேலையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள். சுதர்சினி கட்டிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்து, மேடைக்குப் போகிற மாதிரியே மடிப்பைச் சரிசெய்துகொண்டாள்.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரியான பெரியவர் மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நரைத்த மீசை. தலையைத் தூக்கி, "கவுத மே?" என்று சிங்களத்தில் யாரென்று விசாரித்தார். சுதர்சினி வாயைத் திறப்பதற்குள் மூக்காயி முந்திக்கொண்டாள். அவளும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுகிறவள்தான்.

"அபே லோயர் நோனா, சேர்!"

எங்கள் லோயரம்மா. அதைச் சொல்லும்போது மூக்காயி நிமிர்ந்து நின்றாள். பெரியவர் பேனாவை வைத்துவிட்டு, மரியாதையாக, "எந்த நீதிமன்றத்தில் ஆஜராகிறீர்கள்? அட்டை இருக்கிறதா?" என்று கேட்டார்.

சிங்களத்தில் பதில் சொன்னால் மூக்காயிக்குப் புரியும். ஆகவே சுதர்சினி ஆங்கிலத்தில் சொன்னாள். தப்பிக்க அவளுக்குக் கிடைத்த ஒரே பொந்து அதுதான். தான் வழக்கறிஞர் இல்லை, இந்தியாவில் நாடகம் படிக்கிற மாணவி, இந்தப் பையனைச் சிறுவயதிலிருந்து தெரியும், தப்புத்தண்டாவுக்குப் போகாதவன், தயவுசெய்து விட்டுவிடுங்கள். இவ்வளவையும் கெஞ்சித்தான் சொன்னாள். ஆனால் பழகிய குரல் பழகியபடிதான் வந்தது. அறை முழுக்கக் கேட்டது. மூலையில் இருந்த கான்ஸ்டபிள்கூடத் திரும்பிப் பார்த்தான்.

பெரியவர் அவளையும் மூக்காயியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவரும் ஆங்கிலத்திலேயே, குரலைத் தாழ்த்திப் பேசினார். பையனை விடியற்காலையில் கொழும்புக்கு அனுப்பியாகிவிட்டது. இனி அவர் கையில் ஒன்றும் இல்லை. நேற்று மாலை வரை தோட்டத்திலிருந்து யாராவது வருவார்களென்று பார்த்தார். துரை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நேற்றே விட்டிருப்பார். "ஏன் ஒருவரும் வரவில்லை?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சுதர்சினி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"என்னா தாயி சொன்னான்?"

"கொழும்புக்குக் கொண்டு போயிட்டாங்களாம் அக்கா. காலையிலயே."

மூக்காயி அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பெற்ற வயிறு, அழாதா? அழுது ஓய்ந்து பஸ் ஏறிய பிறகு, பக்கத்தில் இருந்த பொம்பளையிடம் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "எங்க லோயரம்மா விடல்லங்க. இங்கிலீசுலயே பொளந்து கட்டிருச்சி. பெரியவனுக்கு வாயே தொறக்க முடியல்ல. முன்னமே கொண்டு போயிட்டான் பாவிப் பய, இல்லாட்டி எம் புள்ளய இழுத்துக்கிட்டு வந்திருக்கும்." சுதர்சினி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரோட்டோரத்து ரப்பர் மரமெல்லாம் அவளைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அன்று பகலே காளிதாஸ் பங்களாவுக்கு ஓடினார். துரை தலையில் கை வைத்தார். "நேற்று எங்கே போனீர்கள் எல்லாரும்?" என்றார். கடிதம் கொடுத்தார், டெலிபோனில் பேசினார், கொழும்பில் நிஜமான வழக்கறிஞர் ஒருவரையும் பிடித்துக் கொடுத்தார். ஒன்றும் அசையவில்லை. எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன் என்றாரே காளிதாஸ், அதை அவர் சொல்லவில்லை. சுதர்சினியும் கேட்கவில்லை. லீவு முடிந்து மைசூருக்குத் திரும்பியவள் அதன் பிறகு மேடையில் முக்கிய வேடம் எதுவும் எடுக்கவில்லை. திரைக்குப் பின்னால் விளக்கும் சாமானும் பார்த்துக்கொண்டு படிப்பை முடித்தாள். ஊருக்கு வந்து யட்டியாந்தோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கச் சேர்ந்தாள். "லோயரம்மா ஏன் கோர்ட்டுக்குப் போகல்ல?" என்று கேட்டவர்களுக்கு, "இந்தியாவுல படிச்சது இங்க செல்லாதாம்" என்று பரிமளம் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தாள். படத்தைச் சுதர்சினி இரண்டு தடவை கழற்றினாள். இரண்டு தடவையும் காளிதாஸ் திரும்ப மாட்டினார். படம் இல்லாவிட்டால் ஆள் கேட்குமாம்.

2009இல், யுத்தம் முடிந்து சில மாதத்தில் தினேஷ் வந்தான். குற்றம் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு கண்டுபிடித்திருக்கிறார்கள், குற்றம் இல்லையாம்! மறுநாளே மூக்காயி வந்து சுதர்சினியைச் சாப்பிடக் கூப்பிட்டாள். "மொதச் சோறு ஒனக்குத்தான் தாயி" என்றாள். தட்ட முடியவில்லை. காளிதாஸையும் அழைத்தாள்.

தினேஷ் பாயில் உட்கார்ந்திருந்தான். வற்றிப் போயிருந்தான். இடது காது கேட்காமல் போய்விட்டதால் பேசுகிறவர்கள் பக்கம் வலது காதைத் திருப்பினான். சாப்பாடு முடிந்து மூக்காயி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போது அவன்தான் பேச்சை எடுத்தான்.

"அக்கா, உள்ள நான் ஒங்களப் பத்தித்தான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். எங்க தோட்டத்துல ஒரு லோயரக்கா இருக்குன்னு. அம்மா பாக்க வந்தப்ப சொல்லிச்சி, நீங்க எனக்காகப் பெரியவன்கிட்ட இங்கிலீசுல சண்ட போட்டீங்கன்னு. அடி வாங்கின நாளெல்லாம் அதத்தான் நெனச்சிக்கிட்டுப் படுப்பேன்." கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தான். "அன்னைக்கி அவன்கிட்ட என்னா சொன்னீங்க அக்கா? அதத் தமிழ்ல ஒருக்காச் சொல்லுங்களேன். கேக்கணும்னு ஆசயா இருக்கு."

காதைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தான். சுதர்சினிக்கு எத்தனையோ வசனம் தெரியும். நீதிமன்ற நாடகத்து வசனம் ஒன்றே போதும், அவன் சந்தோஷமாகத் தூங்குவான். வாய் வரை வந்தது. எதிரே காளிதாஸ் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"நான் லோயர் இல்லன்னு சொன்னேன் தினேஷ்." குரல் அடி வயிற்றிலிருந்து வரவில்லை. பழைய லயத்துக் குரலாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலாக வந்தது. அவன் சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னாள். "நான் லோயர் இல்ல. நாடகம் படிக்கிற புள்ளன்னு சொன்னேன். விட்டுடுங்கன்னு கெஞ்சினேன். சண்டையெல்லாம் போடல்ல. மொத நாள் தொர வந்திருந்தா விட்டிருப்பேன்னு அவர் சொன்னாரு. அத நான் அம்மாகிட்ட சொல்லல்ல."

தினேஷ் அவளைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தான். மூக்காயி கேத்தலைக் கீழே வைத்தாள். பிறகு, ஏசாமல், கத்தாமல், சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்ப அன்னைக்கிப் பொழுதோட சொல்லியிருந்தா, நான் தொரகிட்டப் போயிருப்பேனே?"

அப்பா வேண்டாம் என்றார் என்று சொல்ல இடம் இருந்தது. காளிதாஸ் தலையைக் குனிந்து பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சுதர்சினி சொல்லவில்லை. "ஆமாக்கா" என்றாள்.

மூக்காயி கோப்பையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"தேத்தண்ணி ஆறுது, குடி" என்றாள். தாயி என்று சொல்லவில்லை.